முட்டையை நிறுத்தினால் மாரடைப்பு வராதா?



"முட்டை சாப்பிட்டா கொலஸ்ட்ரோல் ஏறும், கொலஸ்ட்ரோல் ஏறுனா நெஞ்சு அடைச்சிடும்." இந்தப் பேச்சை லயத்து வாசலிலும் கடையிலும் பஸ்ஸிலும் கேட்டிருப்பீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பயம் என்பதை இந்த இதழில் பார்ப்போம். நான் வைத்தியன் அல்ல. வைத்தியர்களிடம் கேட்டதையும், படித்து அறிந்ததையும், என் சொந்தக் குடும்பத்தில் பட்டதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

திருகோணமலையில் கண்டது

திருகோணமலை என்றால் எமது ஆட்களுக்குக் கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீரூற்றும்தான் முதலில் ஞாபகம் வரும். ஆனால் நாம் அன்றாடம் தட்டிச் சுடும் ரொட்டிக்கும் அந்த ஊருக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. துறைமுகத்தில் சீனன்குடாப் பக்கம் பிறீமா மா ஆலை இருக்கிறது. 1980ஆம் ஆண்டில் இருந்து அது இயங்கி வருகிறது. வெளிநாட்டுக் கோதுமை கப்பலில் வந்து அங்கே இறங்கி, மாவாகி, லொறிகளில் நாடு முழுக்கப் போகிறது. நமது கடைகளுக்கு வரும் மாவிலும் பெரும் பங்கு அங்கிருந்து வருவதுதான்.

என் அக்கா வாக்கப்பட்டுப் போனது அந்தத் துறைமுகப் பக்கம். அத்தான் மா மூட்டை ஏற்றும் லொறி ஓட்டுபவர். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்று மலைநாடு வரை வந்து போவார். அவருக்கு 54 வயதில் மாரடைப்பு வந்தது. நல்ல வேளையாக நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததால் உயிர் தப்பினார்.

பாடசாலை விடுமுறையில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டு முற்றத்தில் ஆறு கோழிகள் மேய்கின்றன. ஆனால் சாப்பாட்டில் முட்டை இல்லை. "அத்தானுக்கு நெஞ்சுல வந்த நாள்ல இருந்து இந்த வீட்டுல முட்டையே இல்ல தம்பி. அவ்வளவையும் கடைக்குக் குடுத்துருவேன்" என்றார் அக்கா. வாட்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த யாரோ ஒருவர் சொன்னாராம், முட்டை விஷம் என்று.

அதே வீட்டில் அக்காவின் மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. கிளினிக்கில் இரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9 தான் இருந்திருக்கிறது. கர்ப்பிணித் தாய்க்கு அது 11க்குக் குறையக் கூடாது. அவளுடைய மூத்த பிள்ளைக்கு மூன்று வயது, நிறை போதாது. இந்த இரண்டு பேருக்கும் முட்டை கிடையாது. அத்தானோ இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் உட்கார்ந்து சிகரெட் பற்ற வைத்தார்.

அடுத்த கிழமை கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். அக்கா முந்திக்கொண்டு, "முட்டையை அடியோட நிப்பாட்டிட்டோம் டொக்டர்" என்றார். வைத்தியர் அத்தானைப் பார்த்து, "முட்டையை நிப்பாட்டிட்டீங்க. சிகரெட்டை நிப்பாட்டிட்டீங்களா?" என்று கேட்டார்.

"குறைச்சிருக்கேன் சேர்."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"ஏழு எட்டு இருக்கும்."

வைத்தியர் கோபிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கால் மணி நேரம் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அன்று கேட்டதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும்தான் கீழே வருகிறது.

கொலஸ்ட்ரோல் என்றால் என்ன?

கொலஸ்ட்ரோல் ஒரு விதமான கொழுப்புப் பொருள். அது நம் உடம்புக்குக் கட்டாயம் வேண்டும். உடம்பின் ஒவ்வொரு கலத்தின் சுவரிலும் அது இருக்கிறது. பித்தநீரும் சில ஹோர்மோன்களும் அதிலிருந்துதான் உண்டாகின்றன. நாம் சாப்பிடாவிட்டாலும் ஈரல் அதைத் தயாரிக்கும். உடம்பில் உள்ள கொலஸ்ட்ரோலில் ஏறக்குறைய முக்கால் பங்கு இப்படி உடம்பே செய்துகொள்வது. மிச்சம்தான் சாப்பாட்டில் இருந்து வருகிறது.

கொலஸ்ட்ரோல் இரத்தத்தில் தனியாக ஓடாது. அதைச் சுமந்து செல்ல 'லொறிகள்' இருக்கின்றன. எல்.டி.எல். என்ற லொறி சாமானைக் கொண்டுபோய் உடம்பெங்கும் இறக்கும். அது கூடிப்போனால் இரத்தக் குழாயின் சுவரிலும் இறக்கிவிட்டுப் போகும். அதனால் அதைக் கெட்ட கொலஸ்ட்ரோல் என்கிறோம். எச்.டி.எல். என்ற லொறி மிஞ்சியதை ஏற்றி ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுவரும். அதை நல்ல கொலஸ்ட்ரோல் என்கிறோம்.

லயத்துத் தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். வருடக் கணக்கில் உள்ளே பாசியும் மண்ணும் படிந்தால் தண்ணீர் நூலாகத்தான் வரும். ஒரு நாள் முழுதாக அடைத்துக்கொள்ளும். இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயிலும் இப்படித்தான் படிகிறது. படிந்த இடம் வெடித்து, அங்கே இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் அதுதான் மாரடைப்பு. நமது நாட்டு வைத்தியசாலைகளில் நடக்கும் மரணங்களுக்கு 1995ஆம் ஆண்டு முதல் முதலாவது காரணமாக இருப்பது இந்த இருதய நோய்தான்.

முட்டை மேல் பழி வந்த கதை

1913ஆம் ஆண்டில் ரஷ்யாவில் அனிச்கோவ் என்ற விஞ்ஞானி முயல்களுக்குக் கொலஸ்ட்ரோலைத் தீனியோடு கொடுத்துப் பார்த்தார். முயல்களின் இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிந்தது. கொலஸ்ட்ரோலுக்கும் இருதய நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதைக் காட்டிய பெரிய ஆராய்ச்சி அது. ஆனால் முயல் புல் தின்னும் பிராணி. அதன் உடம்பு கொலஸ்ட்ரோலைச் சமாளிக்கும் விதம் வேறு, நமது உடம்பு சமாளிக்கும் விதம் வேறு.

பிறகு 1968இல் அமெரிக்க இருதய சங்கம் ஓர் அறிவுரை வெளியிட்டது. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரோலுக்கு மேல் வேண்டாம், கிழமைக்கு 3 மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்றது. ஒரு முட்டையில் 186 மில்லிகிராம் அளவு கொலஸ்ட்ரோல் இருக்கிறது. அவ்வளவும் மஞ்சள் கருவில்தான். கணக்குப் பார்த்தவர்கள் பயந்துவிட்டார்கள். அந்தப் பயம் பத்திரிகை வழியாகவும் வாய் வழியாகவும் கடல் தாண்டி நம்மிடமும் வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு பல வருட ஆராய்ச்சியில் வேறு ஒன்று தெளிவானது. சாப்பாட்டில் கொலஸ்ட்ரோல் கூடினால், பெரும்பாலானவர்களுக்கு ஈரல் தன்னுடைய தயாரிப்பைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே முட்டையால் இரத்தக் கொலஸ்ட்ரோல் ஏறுவது கொஞ்சம்தான். ஒரு சிலருக்கு மட்டும் கூடுதலாக ஏறுகிறது. இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரோலை அதிகம் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு என்று சொல்லப்படும் கட்டியாகும் கொழுப்புத்தான். 2015இல் வந்த அமெரிக்க அரசாங்கத்தின் உணவு அறிவுரையில் அந்த 300 மில்லிகிராம் எல்லையை எடுத்துவிட்டார்கள். 2019இல் அமெரிக்க இருதய சங்கமும், ஆரோக்கியமான ஒருவர் நாளுக்கு ஒரு முட்டை வரை சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டது.

எல்லா ஆராய்ச்சியும் ஒரே மாதிரிச் சொல்லவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. 2018இல் சீனாவில் ஐந்து இலட்சம் பேர் வரை சேர்ந்த ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. நாளுக்கு ஒரு முட்டை அளவில் சாப்பிட்டவர்களுக்கு, முட்டை சாப்பிடாதவர்களை விட மாரடைப்பும் பக்கவாதமும் குறைவாகவே வந்திருந்தன. 2019இல் வந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் முட்டை கூடக்கூட ஆபத்தும் கொஞ்சம் கூடியது. அமெரிக்காவில் முட்டையோடு பன்றிக் கொழுப்பும் பட்டரும் சேர்த்துத் தின்கிற பழக்கம் உண்டு. எனவே முட்டையை மட்டும் பார்த்தால் போதாது, அதோடு சேர்ந்து தட்டில் இருப்பதையும் பார்க்க வேண்டும்.

நம் தட்டில் என்ன இருக்கிறது?

ஒரு முட்டையில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரைக் கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் அது 11 கிராம் அளவு, ஏழு மடங்கு. தேங்காய் எண்ணெயில் கொலஸ்ட்ரோல் துளியும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணெய் கூடினால் ஈரல் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டிவிடும். அவித்த முட்டைக்குப் பயந்துகொண்டு, எண்ணெயில் மிதக்கும் வடையும் ரோல்ஸும் தின்பதில் பிரயோசனம் இல்லை. தேங்காயை அடியோடு விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சம்பலுக்கு அளவாகப் போடலாம், பொரிப்பதைக் குறைக்கலாம், ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாமல் இருக்கலாம்.

அடுத்தது உப்பு. ஒருவருக்கு நாள் முழுக்க எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரொட்டி மாவில் உப்பு, சம்பலில் உப்பு, கருவாட்டில் உப்பு என்று சேர்த்தால் அந்தக் கரண்டி எப்போதோ நிரம்பிவிடும். உப்புக் கூடினால் பிரஷர் கூடும். பிரஷர் கூடினால் இரத்தக் குழாய் பழுதாகும். கருவாட்டையும் நெத்தலியையும் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிச் சமைத்தால் உப்பில் ஒரு பகுதி போய்விடும்.

மூன்றாவது சீனி. அத்தான் லொறி நிறுத்தும் இடமெல்லாம் மூன்று கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி குடிப்பவர். நாமும் சளைத்தவர்கள் அல்ல. ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி என்றால் பத்துக் கரண்டி. அதுவே 40 கிராமுக்கு மேல் போகும். சீனி வியாதி உள்ளவருக்கு மாரடைப்பு வரும் ஆபத்து மற்றவர்களை விட அதிகம்.

நான்காவதுதான் பெரியது. பீடி, சிகரெட், சுருட்டு. புகை இரத்தக் குழாயை நேரடியாகப் பழுதாக்கும், இரத்தத்தை உறையவைக்கும். புகைப்பதை முழுதாக விட்டு ஒரு வருடம் ஆனால், புகையால் வந்த கூடுதல் இருதய ஆபத்து பாதியாகக் குறைகிறது. முட்டையை நிறுத்தி இப்படி ஒரு பலன் யாருக்கும் கிடைத்ததில்லை.

ஒரு முட்டை இருந்தால் யாருக்கு?

இப்போது எமது பக்கத்து விஷயத்துக்கு வருவோம். 2016இல் நாடு முழுவதும் எடுத்த குடித்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 100க்கு 17 பேர். தோட்டப் பகுதிகளில் 100க்கு 32 பேர். மூன்று பிள்ளைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக் காம்பராவில் போய்ப் பார்த்தால் கணக்கெடுப்பே தேவையில்லை, கண்ணுக்கே தெரியும். முதல் இரண்டு வருடத்தில் குறைந்த வளர்த்தியைப் பிறகு ஈடு செய்வது மிகவும் கஷ்டம்.

ரொட்டியும் சோறும் வயிற்றை நிரப்பும். உடம்பு வளர்வதற்குப் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் நல்ல புரதம் இருக்கிறது. அதோடு விற்றமின் ஏ, பி12, மூளை வளர்ச்சிக்கு உதவும் கோலின் என்ற சத்து எல்லாம் உண்டு. தமிழ்நாட்டில் பாடசாலைச் சத்துணவில் 1989இல் முட்டையைச் சேர்த்ததும் இதற்காகத்தான்.

2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது முட்டை விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 2023இல் இந்தியாவில் இருந்து முட்டை இறக்குமதி செய்யும் அளவுக்கு நிலைமை வந்தது. அந்த நாட்களில் பழக்கம் விட்டுப்போன வீடுகள் பல. வாங்கினாலும் நமது வீடுகளில் முட்டை யாருக்குப் போகிறது? வேலைக்குப் போகும் ஆம்பளைக்கு. மிச்சம் இருந்தால் பிள்ளைக்கு. விடியற்காலையில் எழும்பி ரொட்டி சுட்டு, பிறகு மலைக்கு ஏறிக் கொழுந்து பறித்து வரும் தாய்க்கு ஒன்றும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஒரே ஒரு முட்டைதான் இருக்கிறது என்றால், அது முதலில் கர்ப்பிணித் தாய்க்கும், பால் கொடுக்கும் தாய்க்கும், சின்னப் பிள்ளைக்கும் சேர வேண்டும். தாத்தாவின் நெஞ்சு வருத்தத்துக்காகப் பேரப்பிள்ளையின் முட்டையை நிறுத்துவது நியாயம் ஆகாது.

இரத்தம் குறைந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டையில் இரும்புச்சத்து இருந்தாலும் அது மட்டும் போதாது. கீரை, பருப்பு, மீன், நெத்தலி எல்லாம் சேர வேண்டும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தவறாமல் போட வேண்டும். தேசிக்காய், கொய்யா, நெல்லி போன்றவை இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். தேத்தண்ணி அதைத் தடுக்கும். ஆகவே சாப்பாட்டோடும் குளிசையோடும் தேத்தண்ணி குடிக்காமல், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். நாம் பறிக்கும் கொழுந்தை நானே குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தேத்தண்ணி நல்லதுதான், நேரம்தான் முக்கியம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

எல்லாருக்கும் ஒரே அளவு பொருந்தாது. சீனி வியாதி உள்ளவர்கள், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரோல் கூடியவர்கள், இளவயதிலேயே மாரடைப்பு வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் ஆகியோர் தங்கள் வைத்தியரிடம் கேட்டு அளவை வைத்துக்கொள்ள வேண்டும். அத்தானுக்குச் சீனியும் இருக்கிறது, கொலஸ்ட்ரோலும் இருக்கிறது. அவருக்குக் கிழமைக்கு மூன்று முழு முட்டை போதும், அதற்கு மேல் ஆசைப்பட்டால் வெள்ளைக் கரு மட்டும் என்று வைத்தியர் சொன்னார். கொலஸ்ட்ரோல் குளிசையை ஒரு நாளும் விடக்கூடாது என்றும் சொன்னார். அக்காவின் மகளுக்கும் பேத்திக்கும் தினம் ஒவ்வொரு முட்டை கொடுக்கச் சொன்னார்.

நீங்கள் செய்யக் கூடியவை

1. முட்டையை நன்றாக அவித்தோ, கறியாகவோ சாப்பிடுங்கள். அரைவேக்காட்டில் கிருமி இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அது கூடவே கூடாது.

2. குழந்தைக்கு 6 மாதம் முடிந்து மேலதிக உணவு தொடங்கிய பிறகு, எப்போது, எப்படி முட்டை கொடுப்பது என்று மிட்வைஃபிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அடியில் படுத்தால் புதியது. மிதந்தால் பழையது, சமைக்க வேண்டாம்.

4. ஓட்டின் நிறம் எதுவானாலும் சத்து ஒன்றுதான். சிவப்பு முட்டைக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

5. வசதி உள்ளவர்கள் லயத்துக்குப் பின்னால் கூடு கட்டி நாலு கோழி வளருங்கள். விற்பதற்கு முன் வீட்டுப் பிள்ளைக்கு எடுத்து வையுங்கள்.

6. 35 வயது தாண்டியவர்கள் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் பாருங்கள். அரச வைத்தியசாலைகளில் இதை இலவசமாகப் பார்க்கிறார்கள்.

7. நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல் வந்தால் "வாய்வுதான்" என்று இஞ்சித் தண்ணி குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். பொம்பளைகளுக்கு வலி இல்லாமல் களைப்பும் குமட்டலுமாகக் கூட வரலாம். உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மலைப் பாதையில் வந்து சேர நேரம் எடுக்கும் என்பதால் ஒரு நிமிடத்தையும் வீணாக்காதீர்கள்.

முடிவாக ஒரு செய்தி. அக்காவின் மகளுக்கு நிறை மாதத்தில் இரத்தம் 11க்கு வந்துவிட்டது. ஆண் குழந்தை, 3 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, தாயும் பிள்ளையும் சுகம். கோழி முட்டை இப்போது கடைக்குப் போவதில்லை. அத்தான் சிகரெட்டை இன்னும் முழுதாக விடவில்லை, ஒன்று இரண்டில் நிற்கிறது. "அதையும் விட்டாத்தான் உங்களுக்கு முட்டை" என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். உங்கள் வீட்டில் இன்று முட்டை இருந்தால், அது யாருடைய தட்டில் இருக்கிறது என்று ஒரு தரம் பாருங்கள்.